சீட் பெல்ட்டின் கடைசி முழம்

"பிடிச்சிருந்தா சட்டுனு சொல்லிடுங்க சார். நாலு மணிக்கு இன்னொருத்தர் வர்றார்" என்றார் அச்சகக்காரர்.

மணி மூன்றே முக்கால்.

கணவரோடு வண்டி பார்க்க வந்த அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். உள்ளே, விருப்ப ஓய்வில் வந்த பணத்துக்கு எழுதிவைத்த செக். பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி லேப்பில் நின்ற கால்வலிக்குக் கிடைத்தது.

எதிரே, அச்சகத்தின் பின்புறம், காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்று நின்றது வண்டி. ஃபோர் வீல் டிரைவ். தோல் சீட்டு, கூரையில் திறக்கிற கண்ணாடி. புதுசு வாங்க ஏழு ஜென்மம் உழைக்க வேண்டும். பழசுதான் கட்டுப்படியாகும்.

இத்தனைக்கும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வழவழவென்று தார் ரோடு. ஆனால் கணவருக்கு மலையேறுகிற வண்டிதான் வேண்டுமாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளைகளை நம்பி ஏற்றுகிற வண்டியாக இருக்கட்டும்.

"ஏங்க, எவ்வளவு நேரம்? அந்த ஆள் வந்துடப் போறார்."

"வரட்டும். நீ பதறாதே. பதறினா ஏமாத்திடுவாங்க."

கணவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து லீவரைத் தள்ளினார். நாலு சக்கரமும் இழுக்கிற கியர் முணுமுணுக்காமல் விழுந்தது. அச்சகக்காரர் முகத்தில் சிரிப்பு.

"பாத்தீங்களா சார்! எனக்குப் புது மெஷின் வாங்க வேண்டியிருக்கு. இல்லேன்னா இதை விக்கவே மாட்டேன்."

கணவர் காதில் வாங்கவில்லை. சீட் பெல்ட்டை இழுத்தார். உடம்பைச் சுற்றிப் போடத் தேவையான நீளம் வந்த பிறகும் விடவில்லை, கடைசி முழம்வரை இழுத்தார்.

அங்கே, பெல்ட்டின் குறுக்கே காவி நிறத்தில் ஒரு கறை.

"ம்" என்றார். நேரே பின்பக்கம் போய் ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் இருந்த குழியின் மூலையில் விரலை விட்டார். மண். சீட்டுக்கு அடியில், அது நகர்கிற கம்பியில் டார்ச் அடித்தார். துரு. எங்கேயும் தேடவில்லை. தன் வீட்டு அலமாரியில் சாமான் எடுக்கிற மாதிரி கை தானாகப் போனது.

"இது தண்ணியில முங்கின வண்டி."

அச்சகக்காரர் ஓடி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன சார் சொல்றீங்க? சத்தியமா எனக்குத் தெரியாது. நானே போன வருஷம்தான் ஒருத்தர்கிட்ட வாங்கினேன்."

"விக்கிறவங்க எல்லாரும் பாடுற பாட்டுதான் சார் இது. உள்ளே ஏர்பேக் ஒயரெல்லாம் அரிச்சிக்கிட்டே இருக்கும். வண்டி ஜோரா ஓடும், ஒண்ணும் தெரியாது. என்னிக்காவது மோதினா, அன்னிக்குப் பாத்து விரியாது. பிள்ளைகுட்டிக்காரன் தலையில இதைக் கட்டப் பாக்குறீங்களே, மனசாட்சி வேண்டாமா?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, செக்கை நீட்டவில்லை.

அச்சகக்காரர் காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தினம் என் பொண்ணை இதுலதானே காலேஜ்ல விட்டேன்..." என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு போனை எடுத்தார்.

"சார், வண்டி பாக்க வர்றேன்னீங்களே... வண்டி தண்ணியில முங்கினதாம். எனக்கே இப்பத்தான் தெரியும். ஆமா சார், ஏர்பேக்கையும் நம்ப முடியாதாம். நீங்க அலைய வேண்டாம்."

வைத்துவிட்டு அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். "நல்லவேளை சொன்னீங்க சார்."

வெளியே வந்ததும் கணவர் சிரித்தார். "பிழைக்கத் தெரியாத மனுஷன்! வந்த ஆளையும் போன் போட்டு விரட்டிட்டானே!"

அவளுக்கு அது ரசிக்கவில்லை. ஆனால் அதைப் பேசுகிற நிலையிலும் இல்லை. பிள்ளைகள் நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் இல்லேன்னா நம்ம பிள்ளைங்களை அதுல ஏத்தியிருப்பேங்க. நினைச்சாலே உதறுது. மெக்கானிக்கே தோத்துப்போவான் போங்க! எங்கங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்? யூட்யூப்லயா?"

பாராட்டு கேட்டுவிட்டால் அவருக்கு வாய் நிற்காது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"யூட்யூபா? எல்லாம் அனுபவம்! ரெண்டு வருஷம் முன்னாடி நீ ட்ரெயினிங் போயிருந்தப்போ பேய்மழை பெஞ்சுதே, நம்ம பழைய கார் கண்ணாடிவரைக்கும் முங்கிடுச்சு. நீ பயப்படுவேன்னு சொல்லல. மூணு நாள் லீவு போட்டேன். பல் தேய்க்கிற பிரஷ்ஷை வெச்சு மூலைமூலையா தேய்ச்சேன். பெல்ட்டைக் கழட்டி சோப்புத் தண்ணியில ஊறவெச்சேன். அந்த அச்சகக்காரனுக்கு வித்தவன் சோம்பேறி, அரைகுறையா விட்டிருக்கான். என் வேலை அப்படியா? உன் தம்பி தன் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து, சுத்திச் சுத்திப் பாத்துத்தானே நம்ம காரை வாங்கிட்டுப் போனான்? ஒரு துளி மண்ணைக் கண்டுபிடிச்சானா, சொல்லு!"