கட்டம் கட்டமாய் வந்த பத்திரிகை

"புகுந்த வீட்டில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்காதவள்..." என்று எங்கள் பெரியப்பா ஒரு சொலவடையை ஆரம்பிப்பார். மீதி எனக்கு மறந்துவிட்டது.

ஓர் அச்சகத்தில், கோப்புகளை அச்சுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'மாற்றி'. பழைய கணினியில் இருந்தவரை அவன் வேலையில் ஒரு குறையும் வந்ததில்லை. வேறு இயங்குதளம் கொண்ட புதுக் கணினிக்கு வந்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகையை மாற்றினான். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன.

"மதியம் அச்சுக்குப் போகணும். இப்படியே போனால் யாருக்குக் கல்யாணம் என்றே தெரியாதே, அண்ணே" என்றது பத்திரிகைக் கோப்பு.

"நீதான் எங்கேயோ கெட்டுப்போயிருக்கிறாய்" என்றான் மாற்றி. பிறகு வேறொரு கோப்பை எடுத்துப் பார்த்தான். அதிலும் கட்டம்.

கோப்புக்கு ஆவல் வந்தது. "எழுத்துக்கு வடிவம் தரும் எழுத்துருவை எங்கேயிருந்து எடுக்கிறீர்கள்? நானும் கூட வந்து பார்க்கிறேனே."

பழைய கணினியில் எழுத்துருக்கள் எந்த மூலையில் இருந்தனவோ, அதே மூலைக்குப் போனான் மாற்றி. அங்கே ஒன்றும் இல்லை. ஆள் அசரவில்லை. கட்டங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, 'முடிந்தது' என்று திரையில் எழுதினான்.

"இங்கே எழுத்துருக்கள் வேறு அறையில் இருக்கின்றன" என்றது புதுக் கணினி. "வந்த அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை."

"கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று ஆகிவிடாதா?"

"கட்டத்தைப் பார்த்தால் மட்டும் மேதை என்பார்களாக்கும்" என்றது கோப்பு.

மாற்றி, 'முடிந்தது' என்பதை அழித்துவிட்டு, அந்த அறைக்கு வழி கேட்டான்.