சவூதிப் போர்வை

1988 டிசம்பரில் கூனிமேட்டில் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. நிஷாத்தின் மகள் முஸ்கானுக்குக் குளிர் வந்தால் மூச்சு இழுக்கும். அதற்காகவே நிஷாத்தின் கணவன் முஜீப் சவூதியிலிருந்து கனத்த போர்வை ஒன்று அனுப்பியிருந்தான்.

விடிந்தால் அந்தப் போர்வை வீட்டில் இருப்பதில்லை. கதவு உள்ளே தாழிட்டபடியே இருக்கும். போர்வை உப்பளத்து வரப்பில் கிடக்கும். யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல அதில் சூடு இருக்கும். வீட்டில் குழந்தை வெறும் மெத்தையில் நடுங்கிக்கொண்டு மூச்சுக்குத் திணறும்.

"அது நம்மளுக்கு வாணாம். யாருக்காச்சும் குடுத்துடு," என்றாள் மாமியார்.

"எதுக்குக் குடுக்கணும் மாமி? என் புள்ளைக்கு வந்தது."

அன்று சாயங்காலம் நிஷாத் கோணி ஊசியால் போர்வையின் ஓரங்களை மெத்தையோடு சேர்த்துத் தைத்தாள். தலைமாட்டில் மட்டும் நுழைய இடம் விட்டாள். இரவு மகளோடு தானும் அதற்குள் நுழைந்து படுத்தாள்.

விடிந்தபோது முஸ்கான் சீராக மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தையல் எங்கும் பிரியவில்லை. போர்வைக்குள் நிஷாத்தின் காலில் இன்னொரு கால் பட்டது. குழந்தையின் கால் இல்லை. பெரிய கால், ஜில்லென்றிருந்தது, பாதமெல்லாம் உப்பு காய்ந்து சொரசொரத்தது.

நிஷாத் தன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. போர்வையை மகளின் கழுத்துவரை ஏற்றிவிட்டாள்.

"படுத்துக்கோ. போர்வைய மட்டும் இழுக்காத," என்றாள்.

அந்தக் கால் மெல்ல மடங்கி, இடம் விட்டது.