நம்பினால் உள்ளே

பாடம் நடத்திக்கொண்டிருந்தவளுக்குக் கதவு தட்டப்பட்டதும் திக்கென்றது.

எட்டுப் பேர் படிக்கும் வகுப்பு. எட்டுப் பேரும் உள்ளேதான் இருந்தார்கள். 'லாஸ்ட் பஸ்' என்று பெயரெடுத்தவள்கூட வந்துவிட்டாள். 'கொட்டாவி' தலையை வாரி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பார்க்கவே பயமாக இருந்தது.

அப்படியென்றால் வெளியே நிற்பது பிரின்சிபால்.

இன்று அவள் பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால், ஒட்டுப்போட்ட இந்தத் தற்காலிக வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் என் மானத்தைக் காப்பாத்துங்கப்பா" என்று நேற்று மாணவர்களிடம் கெஞ்சியிருந்தாள். காப்பாற்றிவிட்டார்கள். அரை போர்டு நிறைந்த பிறகு ஆடி அசைந்து வந்தவர் பிரின்சிபால் ஒருவர்தான்.

கதவைத் திறந்து, "வாங்க சார்" என்று வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து கொட்டாவி முந்திக்கொண்டான்.

"மேடம், லேட்டு! காரணம் கேளுங்க!"



யாரை நோவது? எல்லாம் அவளே இழுத்துவிட்டுக்கொண்டது. தாமதமாக வருகிறவர்களைத் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். லேட்டாக வருகிறவர் வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டும். வகுப்பு நம்பினால் கை தூக்கும், உள்ளே வரலாம். நம்பாவிட்டால் மணி அடிக்கும்வரை வராந்தா.

சட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சென்ற வாரம் கொட்டாவி தன் பெரியப்பாவை இரண்டாம் தடவையாகச் சாகடித்தபோது, மொத்த வகுப்பும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்திவிட்டுத்தான் அவனை வெளியே அனுப்பியது.

இதையெல்லாம் பாதி வார்த்தைகளை விழுங்கியபடி பிரின்சிபாலிடம் விளக்கினாள்.

"எனக்குமாம்மா?"

"எல்லாருக்கும்தான் சார்" என்றாள் லாஸ்ட் பஸ்.

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ட்ராஃபிக்."

"உங்க ரூம் மேல் மாடியிலதானே சார் இருக்கு? படிக்கட்டுல என்ன ட்ராஃபிக்?" என்று மடக்கினான் கொட்டாவி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். போச்சு. வேலை போயே போச்சு.

ஆனால் அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த வேலையை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. நேத்தே நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க. இதை உங்க மேடம்கிட்ட எந்த வாயால சொல்றதுன்னு தெரியாம, இவ்வளவு நேரமும் படிக்கட்டுலயே நின்னுட்டிருந்தேன்."



அவள் மெல்ல வகுப்புப் பக்கம் திரும்பினாள்.

"நம்பறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. லாஸ்ட் பஸ் கைகளைக் கட்டிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் முதலில் கை தூக்கும் கொட்டாவி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு ஜன்னலை முறைத்தான்.

"மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள்.

மணி அடிக்கும்வரை அவர் வராந்தாவை விட்டு நகரவில்லை.