வாடகைக் குரல்

எந்தக் கட்சி ஆண்டாலும் அரசாங்கம் சொல்வதை அமெரிக்காவின் ஒஹையோவில் யாரும் நம்புவதில்லை. அதனால் அறிவிப்புகளை இப்போதெல்லாம் அவரவர் வீட்டு மனிதர்களின் குரலிலேயே போனில் சொல்கிறார்கள். குரலைப் பதிவு செய்து அரசுக்கு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு மின்கட்டணத்தில் சலுகை உண்டு. இரும்பாலை மூடிய வருடம், அங்கே வேலை பார்த்த டுவைட்டும் கொடுத்தான். பிறகு வேலை தேடி டெக்சாஸுக்குப் போனான்.

அவன் மனைவி கார்னெட்டுக்கு அவன் குரலில் முதலில் வந்தது, உணவு உதவியைப் பாதியாக்கிய செய்தி. அடுத்தது, இந்தக் குளிர்காலத்துக்கு எரிவாயு மானியம் கிடையாது என்பது. அந்தக் குரல் எடுத்ததும் விஷயத்துக்கு வராது. குளிரைப் பற்றிக் கேட்கும், நாய் ரஸ்டியைக்கூட விசாரிக்கும். அதற்குப் பிறகுதான் தலையில் கல்லைப் போடும்.

இன்று மாலை டுவைட் டெக்சாஸில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தான். கிடங்கு இயந்திரத்தில் சிக்கிய அவனுடைய வலது கையைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். நர்ஸ் வீட்டு எண்ணைப் போட்டு, போனை அவன் காதருகே பிடித்துக்கொண்டாள். கார்னெட் எடுத்தாள்.

கையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அங்க குளிர் ஜாஸ்தியா, கண்ணு?" என்றான். "ரஸ்டி எப்படி இருக்கான்?"



"ரஸ்டிக்குத் தீனி போட முடியாம வேற வீட்டுக்குக் குடுத்தாச்சு சார்," என்றாள் கார்னெட். "இந்தத் தடவை எதை நிறுத்தப் போறீங்க?"