நாற்பத்திரண்டாவது கையெழுத்து

"டீச்சர், தூங்கிட்டீங்களா? பதறாம கேளுங்க. ஒரு கையெழுத்து குறையுது."

பதறாமல் கேள் என்றால் யார்தான் பதறாமல் கேட்பார்கள்? சோபாவில் சாய்ந்திருந்த டீச்சர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பேசியது பள்ளிக்கூடத்துக் கிளார்க்.

"என்ன சார் சொல்றீங்க?"

"டூர் போனது நாப்பத்திரண்டு பிள்ளைங்க. காலைல ஸ்கூல் கேட்டுல வந்து கூட்டிட்டுப் போன பெத்தவங்க கையெழுத்து நாப்பத்தொண்ணுதான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன்."

"யாரோடது இல்லைன்னு பாருங்க சார்."

"எங்கே பார்க்கறது? அடிச்சுப் பிடிச்சு, கண்ட கட்டத்துல கிறுக்கிட்டுப் போயிருக்காங்க. ஒண்ணுகூடப் புரியல. பஸ், பாத்ரூம் எல்லாம் தேடிட்டேன், இங்கே யாரும் இல்லை. பகல் பதினோரு மணி வரைக்கும் பொறுக்கறேன். அப்புறம் ஹெச்.எம்.முக்குச் சொல்லாம இருக்க முடியாது."

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. சாப்பிடும் முன் எண்ணினார், சாப்பிட்ட பின் எண்ணினார், பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணினார். காலையில் இறங்கியது நாற்பத்திரண்டு தலைகள்தான், சந்தேகமே இல்லை. அப்படியானால் ஒரு குழந்தையைக் கையெழுத்துப் போடாமல் யாரோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். யார்?

கிளார்க் டைப் அடித்துக் கொடுத்திருந்த தாளை எடுத்தார். வெளியாளான டிரைவருக்கும் ஒரு பிரதி போனதால், பிள்ளைகளின் பெயர் வேண்டாமென்று அதில் விட்டிருந்தார்கள். சீட் நம்பர், பக்கத்தில் வீட்டு போன் நம்பர், அவ்வளவுதான். டூருக்கென்று பள்ளியில் கொடுத்த, யார் பெயரும் பதிந்திராத பட்டன் போனிலேயே ஒன்றாம் சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"க்ளாஸ் டீச்சர் பேசறேன். பிள்ளை வீட்டுக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு டீச்சர். ஷூவைக்கூடக் கழட்டாம தூங்கறான். நீங்க ரெஸ்ட் எடுக்கலையா?"

இரண்டாம் சீட்டின் அம்மா லேசில் விடுவதாக இல்லை. "சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறா டீச்சர்! என்ன மந்திரம் போட்டீங்க? மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

ஏழாம் சீட்டின் அப்பா, "எங்களை வரிசையா நிக்க வெச்சு எண்ணிட்டிருக்கான். வீட்ல இருக்கிறதே மூணு பேரு" என்று சிரித்தார்.

பதினெட்டாம் சீட்டின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரி அழுதாளாமே. விடியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்களாம். நான்கூட அவ்வளவு பொறுமையா இருந்திருக்க மாட்டேன். ரொம்ப நன்றி டீச்சர்."

டீச்சர் பன்னிரண்டு வருஷ வேலையில் ஒரே நாளில் இத்தனை நன்றியைக் கேட்டதில்லை. ஆனால் நின்று சந்தோஷப்பட நேரமில்லை.

இருபத்தாறாம் சீட் போனை எடுக்கவே இல்லை. ஐந்தாவது தடவைதான் குரல் வந்தது. "சாரி டீச்சர், குளிப்பாட்டிட்டிருந்தேன். ரெண்டு நாள் அழுக்கு, போவேனாங்குது."

உள்ளறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, துவைத்த துணி வாளியோடு வந்தார் கணவர். "கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

"கையெழுத்து ஒண்ணு குறையுதுன்னு இங்கே எனக்கு உயிர் போகுது. இவருக்கு மெதுவாப் பேசணுமாம்!"

நமக்கேன் வம்பு என்று அவர் பால்கனிக்கு நகர்ந்துவிட்டார்.

முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் பத்திரம். மணி பத்து ஐம்பது. மிச்சம் ஒரே ஒரு சீட்.

அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? வழியெல்லாம் இடம் மாறி மாறி உட்கார்ந்த கூட்டத்தில் ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. வேலை போனால் போகட்டும், அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே கடைசி நம்பரை அழுத்தினார்.

ரிங் போனது. அதே நேரம் பார்த்துப் பால்கனியிலும் ஒரு போன் அலறியது. இவர் வேறு என்று எரிச்சலோடு மற்றொரு காதைப் பொத்திக்கொண்டார்.

"ஹலோ, யாரு?"

"க்ளாஸ் டீச்சர் பேசறேன். உங்க பிள்ளை... வீட்டுக்கு வந்தாச்சா?"

கையில் ஈரத்துணியோடு பால்கனி வாசலில் வந்து நின்றார் கணவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"வந்தாச்சு டீச்சர், உள்ளே நல்லாத் தூங்கறா. பத்திரமாக் கூட்டிட்டு வந்ததுக்கு ரொம்ப நன்றி. அவங்கம்மாதான் கையெழுத்துப் போடாம வந்துட்டாங்க போல."