காபிக்குச் சர்க்கரை

என் மனைவி மதுவந்தி இறந்த பிறகும் எங்கள் வானொலி நிலையம் அவள் குரலைக் கணினியில் பேசவைத்து வேலையில் வைத்துக்கொண்டது. காலை நிகழ்ச்சியில் அந்தக் குரலும் நானும் வழக்கம்போலச் சண்டை போட்டோம், கரூரே சிரித்தது. தினமும் தோற்றது போதும் என்று நேற்று விடைபெற்றேன்.

"காபிக்குச் சர்க்கரை போட மறக்கிற மனுஷன் கிளம்பறாருங்க. எல்லாரும் கை தட்டுங்க" என்றாள்.

ஒரு நேயர் போனில் பதறினார். "ஏனுங்க தம்பி, மதுவந்தி பாப்பா இனி யாரோட சண்டை போடும்?"

"என் குரலோடதாங்க. அதையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றேன்.

இன்று காலை வீட்டில் காபியோடு உட்கார்ந்து ரேடியோவைப் போட்டேன்.

"இதுல சர்க்கரையே இல்லையே" என்று என் குரல் புலம்பியது.

"கை இருக்குதில்ல? எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்குங்க" என்றாள்.

குரலுக்கு ஏது கை? என் காபியை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நான் எழுந்து சமையலறைக்குப் போனேன்.