மாற்றிக்கொண்ட அப்பா

வெறுமையிலிருந்து ஓர் உலகத்தையே படைத்தவர் இளம்பரிதி. வீட்டு வீடியோ கேமில்தான். மலைக்கும் கடலுக்கும் தன் பெயரை வைத்ததோடு அவர் வேலை முடிந்தது; மண் சுமந்து கட்டியதெல்லாம் மகள் நறுமுகை.

ஒருவரை அப்படியே அச்செடுத்த சிறு பொம்மையை டிவி முன்னால் வைத்தால், அது விளையாட்டுக்குள் போய் அவரைப் போலவே நடந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை இளம்பரிதி பார்த்தபோது, உள்ளே அவருடைய பொம்மைக்குப் பதிலாக யாரோ ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு இந்த ஆளு?”

“என் ஃப்ரெண்டு ஷெரினோட அப்பா. உங்களக் குடுத்துட்டு வாங்கினேன்.”

“பெத்த அப்பனையா மாத்துவாங்க?”

“நீங்க உள்ளயும் உத்தரவுதான் போடுறீங்கப்பா. இவரு வேலை செய்றாரு.”

மனைவி கயல்விழியிடம் நியாயம் கேட்டார்.

“நான்தாங்க சரின்னேன்,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்றுக்கு ஒன்று மாற்ற ஷெரின் வீட்டில் சம்மதிக்கவில்லை. இளம்பரிதியோடு ஓர் ஆட்டுக்குட்டிப் பொம்மையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது.